படையும் படையலும்

டிரங்குப் பெட்டி கறுப்பு நிறம். மூடியில் வெள்ளை பெயின்டில் மேலே நம்பர், அதற்குக் கீழே ராங்க், பெயர். பட்டாளத்தில் ஒருவனுக்குச் சொந்தமென்று இருப்பது அநேகமாக அந்தப் பெட்டி ஒன்றுதான். உடுப்பு, பூட்ஸ், துப்பாக்கி, படுக்கிற கட்டில் எல்லாம் சர்க்காருடையது. 1988இல் அப்படியொரு பெட்டியோடு காரைக்குடி ஸ்டேஷனில் விடியற்காலை இறங்கினேன். எழும்பூரிலிருந்து வந்த மீட்டர்கேஜ் ராமேஸ்வரம் ரயில். பெட்டி என்னுடையது இல்லை. தோளில் தொங்கிய பையில் சிவப்புத் துணியால் வாய் கட்டிய சின்னச் செம்பு ஒன்று இருந்தது. அதுவும் என்னுடையது இல்லை.

இரண்டும் என் கூட்டாளியுடையவை. அவனும் நானும் 1983இல் வெலிங்டன் மதராஸ் ரெஜிமென்ட் சென்டரில் ஒரே நாளில் முடி வெட்டிக்கொண்டு சேர்ந்தவர்கள். அந்தக் குளிரில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அவன் ஊர் தேவகோட்டைக்குத் தெற்கே ஒரு கண்மாய்க்கரைக் கிராமம். இந்திய அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போனோம். ரோந்து போன பாதையில் கண்ணிவெடி. அங்கேயே எரித்தோம். மிஞ்சியதைச் செம்பில் கொடுத்து, "நீ அவன் ஊர்ப் பக்கம்தானே, கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வா" என்று கம்பெனி சுபேதார் சாப் என்னை அனுப்பினார்.

காரைக்குடியிலிருந்து பஸ். அப்போது எங்கள் பக்கத்து அரசுப் பேருந்துகளில் மருதுபாண்டியர் போக்குவரத்துக் கழகம் என்று எழுதியிருக்கும். பெட்டிக்கு லக்கேஜ் கேட்பாரோ என்று சில்லறையை எடுத்து வைத்திருந்தேன். கண்டக்டர் மூடியில் இருந்த எழுத்தைப் பார்த்தார், என் மடியில் இருந்த பையைப் பார்த்தார். பெட்டிக்கும் டிக்கெட் போடவில்லை, எனக்கும் போடவில்லை. டிரைவரிடம் போய் ஏதோ சொன்னார். ஊர் விலக்கில் பஸ் நின்றபோது இரண்டு பேரும் இறங்கி, பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கீழே வைத்துக் கொடுத்தார்கள். தூக்கும்போது உள்ளே சலங்கைச் சத்தம் கேட்டது.

உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒருவன் இறந்தால் அவன் சாமான்களைப் பார்த்துப் பட்டியல் போட ஒரு சின்ன போர்டு உட்காரும். அந்த போர்டில் நானும் ஒருவன். ஷேவிங் செட், இரண்டு வேட்டி, ஒரு டெர்லின் சட்டை, தங்கை கல்யாணத்துக்காகப் பணம் போட்டு வந்த பாஸ்புக், மாட்டுக் கழுத்துக்கு வெண்கலச் சலங்கை ஒரு ஜதை. எங்கள் சீமையில் மஞ்சுவிரட்டு மாடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளைக்கு வடக்கே கடைவீதியில் சலங்கையைக் கண்டால் கை நிற்காது. கேன்டீனில் வாங்கிய மில்க்மெய்டு டின் இரண்டு இருந்தன. அவற்றை மட்டும் தனியாக எடுத்து என்னிடம் கொடுத்தார்கள். பெட்டியைப் பூட்டி, பூட்டுக்கு அரக்கு முத்திரை வைத்து, சாவியை உறையில் போட்டு ஒட்டினோம்.

அவன் தாயாரை நானும் ஆத்தா என்றுதான் கூப்பிடுவேன். செம்பை வாங்கித் திண்ணையில் வைத்தார். அழுகை எல்லாம் தந்தி வந்த அன்றே அழுது தீர்ந்த முகம். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கொள்ளி வச்சது யாருய்யா?"

"நான்தான் ஆத்தா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அப்பச் சரி. வருஷா வருஷம் வந்துரு. கொள்ளி வச்ச கை இல்லாமப் படைக்க முடியாது."

சாவி உறையைப் பிரிக்காமல் இடுப்புச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். அடுத்த வருஷம் திதிக்குப் போனேன். நடுவீட்டில் பெட்டி. அதன் முன்னால் தலைவாழை இலை. கறிக்குழம்பு, கருவாட்டுத் தொக்கு, உளுந்தங்களி. இலையின் ஓரத்தில் நான் கொண்டுவந்து கொடுத்த மில்க்மெய்டு டின். லீவு கிடைத்த வருஷமெல்லாம் போனேன். கிடைக்காத வருஷம், இருந்த இடத்தில் லங்கரில் எனக்குப் போட்ட சாப்பாட்டில் ஒரு கவளம் எடுத்து வெளியே வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். 2011இல் சுபேதாராக பென்ஷன் வந்த பிறகு ஒரு வருஷமும் தப்பியதில்லை.

தமிழில் படை என்றால் சேனை. படைப்பது என்றால் இலை போட்டு வணங்குவது. இரண்டுக்கும் ஒரே சொல் என்பது ஆத்தா வீட்டு நடுவீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. செட்டிநாட்டில் இது யாருக்கும் விளக்க வேண்டிய சமாசாரம் இல்லை. நகரத்தார் வீடுகளில் கல்யாணம் என்றால் முதலில் முன்னோருக்குப் படைப்பு. பெரிய வீட்டில் பங்காளிகள் கூடி, சேலையும் வேட்டியும் வைத்து, இலை போட்டு, அப்புறம்தான் மற்றக் காரியம். கருப்பர் கோயில்களில் நிற்கிற சாமிகளில் எத்தனையோ பேர் ஒரு காலத்தில் ஊரைக் காக்கப் போய்ச் செத்தவர்கள். தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு படிகள் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேடிப் பார்ப்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படைத்து, வாழ்த்துவது வரை. நினைவுச் சின்னம் திறக்கிற விழாக்கள் பலவற்றுக்குப் போயிருக்கிறேன். நடுதலோடு நின்றுவிடுகிறோம். ரிப்பன் வெட்டியதும் காரியம் முடிந்தது என்று நாற்காலியை ஏற்றிவிடுகிறார்கள். அந்த ஆறில் ஐந்தாவது படிதான் வருஷா வருஷம் செய்ய வேண்டியது.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களில் தமிழ் பிராமி எழுத்தில் செத்தவனின் பெயர் வெட்டியிருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்டவை. அவற்றில் ஒன்றில் இருப்பது ஆநிரை கவர்ந்த பூசலில் செத்த ஒரு சாதாரண ஆளின் பெயர். திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்தில், கள்ளரோடு சண்டை போட்ட ஒரு நாயையும் நடுகல்லில் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் எழுதி வைத்தார்கள். பெயரை எழுதிவைக்காமல் விடக்கூடாது என்ற பிடிவாதம் நம் ஊருக்கு அத்தனை பழையது.

என் சொந்த மண்ணையும் என் சொந்தப் பல்டனையும் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மதராஸ் ரெஜிமென்ட் தன் வரலாற்றை 1758இலிருந்து எண்ணுகிறது. இந்தியக் காலாட்படையில் மூத்தது. "வீர மதராசி, அடி கொல்லு" என்று நாங்கள் போடுகிற முழக்கத்தைக் கேட்டால் இன்றும் எனக்கு முதுகு நிமிரும். ஆனால் அந்த மூத்த வேர் கிழக்கிந்தியக் கும்பெனியின் சென்னைப் பட்டாளத்தில் இருக்கிறது. 1772இல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்றது கும்பெனிப் படை. 1801இல் கர்னல் அக்னியூ காளையார்கோவில் காட்டை அழித்து மருதிருவரைப் பிடித்தபோது அவரிடம் இருந்ததும் கும்பெனிப் படைதான். அதில் சிப்பாய்களாக இருந்தவர்களில் தமிழர்களும் உண்டு. அக்டோபர் 24ஆம் தேதி திருப்பத்தூரில் பெரிய மருதுவையும் சின்ன மருதுவையும் தூக்கில் போட்டார்கள். காரைக்குடியிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கு மேற்பட்டவர்களைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். பெரும்பாலானவர்கள் திரும்பவேயில்லை. ஐந்தே வருஷம் கழித்து, 1806 ஜூலை 10ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் எழுந்ததும் அதே சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய்கள்தான்.

சம்பளம் வாங்கின கை ஒரு பக்கம், பிறந்த மண் ஒரு பக்கம் என்று கிழிபட்டவர்கள் அவர்கள். திருப்பத்தூர் நினைவு மண்டபத்துக்குப் போகும்போதெல்லாம் இரண்டு பக்கத்தாரையும் நினைத்துக்கொள்வேன். நாட்டுப்பற்று என்பது சுலபமான சொல் இல்லை என்று முதலில் கற்றுக்கொடுத்தது என் சொந்த மாவட்டம்தான்.

இரண்டாவதாகக் கற்றுக்கொடுத்தது யாழ்ப்பாணம். கோப்பாய்ப் பக்கம் ஒரு வளவில் தண்ணீர் கேட்டோம். ஒரு கிழவி வாளியை இறைத்துக் கொடுத்துவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீங்களும் தமிழ்தானே, தம்பி?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நான் தண்ணீரைக் குடித்துவிட்டு வாளியைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் வார்த்தை இல்லை. அந்த மண்ணில் எங்களில் ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25ஆம் தேதி விழுந்தார், பரம்வீர் சக்கரம் அளிக்கப்பட்டது. அந்த மண்ணின் ஜனங்களும் செத்தார்கள். எங்கள் துக்கத்தைச் சொல்லும்போது அவர்கள் துக்கத்தை மறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது.

1990 மார்ச்சில் கடைசிப் படைப்பிரிவும் திரும்பியது. அதற்குப் பிறகு வெகுகாலம் தமிழ்நாட்டில் அந்தப் போரைப் பற்றி வாய் திறக்க முடியாது. டீக்கடையில், கல்யாண வீட்டில், "சிலோன்ல இருந்தீங்களா?" என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவோம். மகனைப் பறிகொடுத்த வீட்டுக்காரர்கள்கூட எங்கே செத்தான் என்று சொல்லத் தயங்கினார்கள். ஆத்தா மட்டும் தயங்கவேயில்லை. அந்தப் போர் சரியா தப்பா என்று ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மணிக்கணக்கில் பேச என்னிடம் நியாயங்கள் இருந்தன, எதிர் நியாயங்களும் இருந்தன. அதைப் பற்றித் தேசம் நூறு வருஷம் வாதாடட்டும், வாதாடவும் வேண்டும். அந்தத் தீர்ப்பு வந்த பிறகுதான் இலை போடுவேன் என்று எந்தத் தாயும் காத்திருக்க மாட்டாள். போனவன் போகச் சொன்னதால் போனான். தேசம் அவனுக்குப் பட்டிருக்கிற கடன் அதில்தான் இருக்கிறது.

பல்டனில் மூன்று சொல் சொல்லிக்கொடுப்பார்கள்: நாம், நமக், நிஷான். பெயர், உப்பு, கொடி. உப்பு என்பதை எங்கள் ஊரில் செஞ்சோற்றுக் கடன் என்போம். கர்ணன் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அதை யாரும் கற்றுத்தர வேண்டாம். கொடியும் சீக்கிரம் பழகிவிடும். பெயரின் அருமை மட்டும் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

1999 கார்கில் போருக்கு முன்பெல்லாம் பெரும்பாலும் போர்முனையிலேயே தகனம். ஊருக்கு வருவது சாம்பலும் சாமானும்தான். கார்கிலில் 527 பேர் செத்தார்கள். அப்போதுதான் உடலைச் சொந்த ஊர் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது வழக்கமாயிற்று. திருச்சி மேஜர் சரவணன் 1 பீகார் ரெஜிமென்டில் இருந்தவர். 1999 மே 29ஆம் தேதி படாலிக்கில் விழுந்தார். அவர் உடலை மீட்டுக் கொண்டுவர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. மீட்கப் போனவர்களும் அடிபட்டார்கள். செத்த உடலுக்காக உயிருள்ளவர்கள் அடிபடுவதா என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். பல்டனுக்குள் அந்தக் கேள்வியே எழாது. தன்னை விட்டுவிட்டு வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் ஒருவன் முதல் அடி எடுத்து வைக்கிறான்.

2003இல் ஒரு பிள்ளையின் உடலோடு எஸ்கார்ட்டாக வந்தேன். ஸ்ரீநகர், டெல்லி, சென்னை, மதுரை, அப்புறம் ரோடு. இந்த வேலைக்கு எழுதிவைத்த விதிகள் உண்டு, எழுதாத விதிகளும் உண்டு. கொடியின் காவி நிறம் தலைமாட்டில் வர வேண்டும். கொடி தரையில் படக்கூடாது. அதை நெருப்புக்கும் கொடுக்கக்கூடாது, குழிக்கும் கொடுக்கக்கூடாது. இவை எழுதியவை. எழுதாததை நான் பட்டுத்தான் கற்றேன். வண்டியைத் திறந்ததும் காற்றில் கொடி எழும்பும். அதனால் பெட்டிக்கு அடியில் கொடுத்துக் கட்ட வெள்ளை நாடா எப்போதும் பையில் வேண்டும். ஊருக்குள் நுழையும் முன்பு ஒரு கிலோமீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, முகம் கழுவி, உடுப்பைச் சரிசெய்து, பெட்டியை ஒருமுறை துடைக்க வேண்டும். வீட்டில் மூத்தவர் யார், பெட்டியைத் திறந்து காட்டலாமா கூடாதா என்று யாரிடம் பேச வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பிள்ளையின் முகத்துக்குச் சேதமில்லை. திறந்து காட்டினோம். தாயார் குனிந்து, காதோரம் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, தலைமுடியைக் கையாலேயே கோதிச் சரிசெய்தார். அத்தனை பேர் நின்ற இடத்தில் சத்தமே இல்லை.

அப்புறம் ஒப்பாரி எழுந்தது. தெருப் பெண்கள் முழுக்க வட்டமாக உட்கார்ந்து, அவன் பிறந்தது, பள்ளிக்கூடம் போனது, கண்மாயில் நீச்சல் பழகியது, பெண் பார்த்தது என்று ஒவ்வொன்றாக அடுக்கிப் பாடினார்கள். மைதானத்தில் துப்பாக்கிக்காரர்கள் அணிவகுத்துவிட்டார்கள், பியூகிள்காரன் தயாராக நிற்கிறான், கலெக்டர் வந்துவிட்டார். ஒப்பாரி நின்றால்தான் லாஸ்ட் போஸ்ட் ஊத முடியும். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு மூத்த பாட்டி என்னைப் பார்த்துவிட்டு, "ஊதச் சொல்லுய்யா. அவன் வேல பார்த்த எடத்துப் பாட்டு அது. நாங்க நிறுத்துறோம்" என்றார். பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்கள். "ஷோக் சஸ்த்ர" என்றதும் துப்பாக்கிகள் தலைகீழாயின. பியூகிள் ஊதி முடித்து, மூன்று முறை வெடி தீர்ந்து, கடைசி எதிரொலி அடங்கியதும், அந்தப் பாட்டியே அடுத்த அடியை எடுத்துக்கொடுத்தார். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் எத்தனையோ ராணுவ மரியாதை பார்த்திருக்கிறேன். அதைவிட ஒழுங்கான ஒன்றைப் பார்த்ததில்லை.

கொடியை மடிப்பதை முந்தின ராத்திரி வண்டியிலேயே ஒரு துண்டை வைத்துப் பழகியிருந்தேன். காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, இரண்டு பக்கமும் நடுவுக்குக் கொண்டுவந்து, சக்கரம் மேலே தெரிய வேண்டும். பிறகு இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக் கொடுக்க வேண்டும். மனைவி சின்னப் பெண். கல்யாணமாகி நாலு மாசம். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

எங்கள் வேலையின் பாதி அதற்குப் பிறகுதான் தொடங்கியது. சிப்பாய்க்குக் கல்யாணமானால், குழந்தை பிறந்தால், அதை யூனிட்டில் தெரிவித்து பார்ட் டூ ஆர்டரில் ஏற்ற வேண்டும். அது ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பட்டாளத்தின் கணக்கில் அவள் மனைவி. இந்தப் பிள்ளையின் கல்யாணம் ஏறவில்லை. போதாததற்கு, அவள் பெயர் ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, கல்யாணப் பதிவில் ஒரு மாதிரி. ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஓர் அலுவலகத்தில் அந்தக் காகிதம் மாசக்கணக்கில் கிடந்தது. லீவு போட்டு வெலிங்டனுக்கு இரண்டு தரம் போய், தாசில்தார் சான்று வாங்கி, பதினோரு மாசம் கழித்துத்தான் அவளுக்கு முதல் பென்ஷன் வந்தது. அதுவரை அவள் தகப்பனார் கறவை மாட்டை விற்றுச் சாப்பாடு போட்டார்.

நாம் மேடையில் வீரமரணம், தியாகி என்கிறோம். பட்டாளத்துக் காகிதத்தில் அந்தச் சொற்கள் கிடையாது. பேட்டில் கேஷுவால்ட்டி என்று இருக்கும், அல்லது பிசிக்கல் கேஷுவால்ட்டி என்று இருக்கும். எதிரியோடு நடந்த சண்டையில் போனவன் குடும்பத்துக்குக் கடைசிச் சம்பளம் முழுவதும் பென்ஷன். கடமையால் வந்த மற்றச் சாவு என்றால் அறுபது சதவீதம். கடமைக்குச் சம்பந்தமில்லை என்று எழுதிவிட்டால் சாதாரணக் குடும்ப பென்ஷன், அது முப்பது. படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் எழுதுகிற ஒரு வார்த்தைதான் ஒரு வீட்டின் முப்பது வருஷத்தைத் தீர்மானிக்கிறது. பென்ஷன் வந்த பிறகு நான் காரைக்குடியில் உட்கார்ந்து செய்கிற வேலை இதுதான். டிசம்பர் 7 கொடிநாளுக்குப் பள்ளிகளில் பேசக் கூப்பிடுவார்கள், போவேன். என்.சி.சி. பிள்ளைகளிடம் துப்பாக்கியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. உங்கள் ஊரில் இப்படி ஒரு வீடு இருக்கிறதா, அந்த வீட்டுக்கு அரசு ஆபீஸிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொல்ல ஆள் இருக்கிறதா, போய்ப் பார் என்பேன். இரண்டு பிள்ளைகள் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரு பாட்டியின் நின்றுபோன பென்ஷனைப் பற்றி என்னிடம் சொன்னார்கள். அப்படியொரு சல்யூட்டை எந்தப் பரேடிலும் யாரும் எனக்கு அடித்ததில்லை.

ஒரு நினைவு நாள் கூட்டத்தில் பெரிய பேனர் வைத்திருந்தார்கள். நடுவில் பிரமுகர்கள். கீழ் மூலையில் தபால்தலை அளவுக்கு அந்தச் சிப்பாயின் படம். பெயரில் தகப்பனார் இனிஷியல் தப்பு. அவன் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து, கூட்டம் முடியும் வரை அந்த ஓர் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றையிலிருந்து எங்கே கூப்பிட்டாலும், அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்பு பெயரை வீட்டாரிடம் காட்டிச் சரிபார்த்தால்தான் வருவேன் என்று சொல்லிவிடுகிறேன்.

2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் இருபது பேர் செத்தார்கள். ஒரு குண்டும் சுடப்படாத சண்டை. கல்லும் கம்பும், உறைகிற ஆறும். அதில் ஹவில்தார் பழனி, 81 ஃபீல்டு ரெஜிமென்ட், எங்களுக்குப் பக்கத்துச் சீமைக்காரர். திருவாடானை வட்டம் கடுக்கலூர். மதுரை வழியாக உடல் வந்து 18ஆம் தேதி ராணுவ மரியாதையோடு அடக்கம் நடந்தது. கொரோனா காலம், முகக்கவசத்தோடு நின்ற கூட்டத்தை நான் வீட்டில் டிவியில்தான் பார்த்தேன். டிவி முன்னால் எழுந்து நின்று சல்யூட் அடித்தேன். அவருக்கு வீர் சக்கரம் அளிக்கப்பட்டது. அந்த வாரம் முழுக்கக் காரைக்குடியில் எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருந்தது. அதற்கு நாலு வருஷம் முன்பு, 2016 பிப்ரவரியில், சியாச்சினில் பத்தொன்பதாயிரம் அடிக்கு மேலே பனிச்சரிவில் 19 மதராஸ் பத்துப் பேரை இழந்தது. அதில் நாலு பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஆறு நாள் பனிக்குள் கிடந்து உயிரோடு மீட்கப்பட்டு, பிறகு ஆஸ்பத்திரியில் இறந்த ஹனுமந்தப்பாவின் பெயர் பலருக்கு ஞாபகம் இருக்கும். நம் நாலு பேர் பெயரைக் கேட்டால் எங்கள் முன்னாள் படைவீரர் கூட்டத்திலேயே யோசிக்கிறார்கள். ஏழுமலை, குமார், கணேசன், ராமமூர்த்தி. நான் இதை எழுதுவதற்கு ஒரு காரணம் இந்த நாலு பெயரை இன்னொரு தரம் அச்சில் பார்க்க வேண்டும் என்பது.

ஆத்தா 2017இல் போய்ச் சேர்ந்தார். அதற்கும் கொள்ளிக்குடத்துக்குப் பக்கத்தில் நான் நின்றேன். சுருக்குப்பையை மகளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். உறை நைந்து பொடிப்பொடியாகியிருந்தது. அதற்குள் சாவி. தங்கச்சியும் பெட்டியைத் திறக்கவில்லை.

டெல்லியில் இந்தியா கேட் பக்கத்தில் தேசியப் போர் நினைவகத்தை 2019 பிப்ரவரி 25ஆம் தேதி திறந்தார்கள். தியாகச் சக்கரம் என்ற வட்டச் சுவர்களில் இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள், ஆளுக்கொரு கருங்கல். கொரோனா ஓய்ந்த பிறகு தங்கச்சியையும் அவள் மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். இலங்கையில் போனவர்கள் பெயரும் அங்கே இருக்கிறது. அவன் கல்லைக் கண்டுபிடித்து முன்னால் நின்றோம். தமிழில் இல்லாததால் அவளால் படிக்க முடியவில்லை. "எதுண்ணே அண்ணன் பேரு? எந்த எடத்துல ஆரம்பிக்குது?" என்று கேட்டாள். அவள் விரலைப் பிடித்து முதல் எழுத்தில் வைத்தேன். கடைசி எழுத்து வரை மெதுவாகத் தடவிக்கொண்டே போனாள். முந்தானையில் முடிந்துவைத்திருந்த விபூதியை எடுத்தாள். காவலுக்கு நின்ற பையனை நான் பார்த்தேன். அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். கல்லின் ஓரத்தில் ஒரு கீற்று வைத்துவிட்டு, பெரிதாக அழாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இந்த வருஷத் திதிக்கு முந்தின நாளே போய்விட்டேன். மூடியில் பெயின்ட் உதிர்ந்து நம்பர் மங்கிவிட்டது, எழுதிக் கொடுங்கள் என்று தங்கச்சி சொல்லியிருந்தாள். பெட்டியைத் திண்ணைக்குக் கொண்டுவர அவள் மகன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்தோம். தேங்காய் நாரால் துருவைத் தேய்த்து, கறுப்பு அடித்துக் காயவைத்து, மத்தியானத்துக்கு மேல் சின்னப் பிரஷ்ஷில் வெள்ளை தொட்டேன். நம்பரை எதையும் பார்க்காமலே எழுதினேன். பெயருக்கு வந்தபோது கை நின்றது. ரெக்கார்டில் அவன் பெயரில் ஓர் எழுத்து தப்பு. சர்வீஸ் முழுக்க அந்தத் தப்போடுதான் சம்பளம் வாங்கினான், கல்லிலும் அப்படித்தான் இருக்கிறது.

"திருத்திரட்டுமா, தங்கச்சி?"

யோசித்தாள். "அது இருந்தபடி இருக்கட்டும்ணே. பட்டாளத்துல அப்படித்தானே கூப்புட்டாங்க. கீழே தமிழ்ல ஒரு தரம் எழுதிருங்க. ஆத்தா கூப்புட்ட பேரு."

எழுதினேன். மறுநாள் காலை பெயின்ட் தொட்டால் ஒட்டவில்லை. பெட்டியை நடுவீட்டுக்குத் திருப்பினோம். நிலைவாசலைத் தாண்டும்போது கொஞ்சம் சாய்ந்தது. உள்ளே சலங்கை குலுங்கியது. அடுப்படியில் குழம்பு தாளித்துக்கொண்டிருந்த தங்கச்சி கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பிறகு, "இலைய அலம்பிப் போடுடா, மாமாவுக்குப் பசிக்கும்" என்று மகனிடம் சொன்னாள்.